இவ்விடம் யாவரும் நலம்

புதுச்சேரியின் கதிர்காமத்தில் யாராவது 'பட்டாளத்துக் குடும்பம்' என்று சொன்னால், என் வயதுக்காரர்கள் உடனே கேட்பார்கள்: "எந்தப் பட்டாளம்?" மற்ற ஊரில் இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே சிரிக்க மாட்டார்கள். ஒரு வீட்டுப் பெரியவர் பிரான்சு அரசாங்கத்திடம் பென்ஷன் வாங்குவார். எதிர் வீட்டுப் பெரியவர் டெல்லி அரசாங்கத்திடம் வாங்குவார். காலையில் இரண்டு பேரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து ஒரே பேப்பரை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படிப்பார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்தவரைப் புதுச்சேரிக்காரர்கள் 'சொல்தா' என்போம். என் மாமனார் சொல்தா. என் வீட்டுக்காரரும் சொல்தா.

இப்போது வந்து பார்ப்பவர்களுக்கு அந்தக் கதிர்காமம் தெரியாது. இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாளெல்லாம் ஆட்டோவும் ஆம்புலன்ஸும் போகின்றன. அப்போது வீடு விட்டால் வயல், வயல் விட்டால் கிணறு. கோரிமேட்டில் ஜிப்மர் கூட வரவில்லை, அது 1964இல்தான். சாயங்காலம் கடைவீதிக்குப் போகிறவர் "புதுச்சேரிக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார், ஏதோ வெளியூர் போவதுபோல.

எனக்கு 1959இல் கல்யாணம். வயது பதினேழு. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பிக்கு முன்னாலேயே "பையன் பிரான்சுல" என்று சொன்னார்கள். என் அப்பாவுக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிரான்சு என்பது காரைக்காலைத் தாண்டி, கடல் வழியாக இன்னும் கொஞ்சம் தூரம் போனால் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். கப்பலில் என்னையும் கூட்டிப் போவார், அங்கே அரிசி கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஒரு தூக்குப் பானை நிறையப் புழுங்கலரிசி தனியாக எடுத்து வைத்தேன். லீவு முடிந்து அவர் மட்டும் கிளம்பினார். அரிசியை அத்தை இட்லிக்குப் போட்டுவிட்டார்.

அவர் இருந்தது பிரான்சில்கூட இல்லை, அல்ஜீரியாவில். அங்கே சண்டை. அத்தைக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது, "அல்சேரி" என்பார். எங்கள் ஊர் சமாச்சாரமும் அந்தச் சண்டையில்தான் மாட்டிக்கொண்டிருந்தது என்பதைப் பிற்பாடு மாமா சொல்லித் தெரிந்துகொண்டேன். 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் ஓட்டெடுத்தார்கள். 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28இல் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் ஆயிற்று. ஆனால் பாரிசில் இருக்கும் சட்டசபை அதற்கு ஒப்புதல் தரவில்லை. அல்ஜீரியாவை விடுவதா வேண்டாமா என்று அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், இன்னொரு ஊரை விட்டுக்கொடுக்க யார் கை தூக்குவார்கள்? ஆக, சட்டப்படி நாங்கள் இன்னும் பிரெஞ்சுக் குடிகள், நடப்பிலே இந்தியர்கள். எங்கள் ஊர்க் காகிதமும் என் வீட்டுக்காரரும் ஒரே சண்டை முடிவதற்காகக் காத்திருந்தார்கள்.

1962 மாசியில் அவர் நீண்ட லீவில் வந்தார். அவர் இங்கே இருக்கும்போதே, மார்ச் 19ஆம் தேதி, அல்ஜீரியாவில் சண்டை நிறுத்தம் என்று செய்தி வந்தது. மாமா குதித்தார். என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் பேசவில்லை, கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டார். ராத்திரியில் திடீரென்று எழுந்து உட்காருவார். என்னங்க என்று கேட்டால் "தண்ணி குடு" என்பார். இருபது வயதுப் பெண்ணுக்கு அதில் என்ன விளங்கும்? சீமையில் இருந்தவர்களுக்கு நம் ஊர் வெக்கை ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது என்று விசிறியால் வீசினேன்.

வைகாசியில் திரும்பிப் போனார். சென்னை வரை பஸ், பம்பாய் வரை ரயில், அங்கிருந்து மார்செய்க்குக் கப்பல். அவர் கப்பல் ஏறிய பிறகுதான் எனக்கு நாள் தள்ளிப்போயிருப்பது தெரிந்தது.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சைகோனில் வருஷக்கணக்காக இருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த பீங்கான் கிண்ணங்களில்தான் எங்கள் வீட்டில் ரசம். பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14 வந்தால் கோட்டு போட்டு, மெடல் குத்தி, கடற்கரையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்குப் போய்விடுவார். 1938இல் அதைத் திறந்தபோது தானும் கூட்டத்தில் நின்றதாகச் சொல்வார். 1940இல் ஹிட்லர் பாரிசைப் பிடித்தபோது இங்கே கவர்னராக இருந்த போன்வேன், செப்டம்பரிலேயே 'நான் தெ கோல் பக்கம்', அதாவது ஹிட்லரை எதிர்க்கிற பக்கம், என்று அறிவித்தார். அந்தக் கதையை மாமா நூறு தரம் சொல்வார். ஒவ்வொரு தரமும் கவர்னருக்குப் பக்கத்தில் மாமா இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்பார். அத்தை அடுப்படியிலிருந்தே, "போன தடவை வாசல்ல நின்னீங்க" என்பார்.

ஆகஸ்ட் 16ஆம் தேதி ஒப்பந்தம் சட்டமாயிற்று. அன்றிலிருந்து ஆறு மாதம் கெடு. பிரெஞ்சுக் குடியாகவே இருக்க விரும்புகிறவர்கள் அதற்குள் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். எழுதிக் கொடுக்காதவர் இந்தியர். தகப்பன் போடும் கையெழுத்து, பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கும் கல்யாணமாகாத பிள்ளைகளுக்கும் செல்லும். தெருவெல்லாம் இதே பேச்சு. மாமாவிடம் வந்து கேட்காத ஆள் இல்லை. "நீங்க எப்ப போடப் போறீங்க?" என்றால் சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி சொல்வார்: "அவசரம் என்னா? ஆறு மாசம் இருக்கே."

புரட்டாசியில் ஒரு மத்தியானம், அதே நாற்காலியில், சாப்பிட்டுக் கண் அயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பிரான்சுக்காக வாழ்நாளெல்லாம் துப்பாக்கி தூக்கியவர், ஒரு கையெழுத்து போடாததால் இந்தியராகப் போய்ச் சேர்ந்தார். அவருக்கு அதில் வருத்தம் இருந்திருக்குமா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். மறதியா, மனசில்லையா, யாருக்குத் தெரியும்?

கொழுந்தனார் கொள்ளி வைத்தார். பால் தெளித்துவிட்டு வந்த அன்று தந்திக்கு எழுதி எடுத்துக்கொண்டு கிளம்பினார். அத்தை அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்து இடுப்புச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப வேணாம். அவன் பரீட்சை முடியட்டும்."

செர்ழான் பதவிக்கான பயிற்சியில் இருப்பதாக என் வீட்டுக்காரர் அதற்கு முந்தின கடிதத்தில் எழுதியிருந்தார். நம் ராணுவத்தில் ஹவில்தார் என்கிறோமே, ஏறக்குறைய அது. அத்தையின் கணக்கில் தப்பு சொல்ல முடியாது. கப்பலில் வர மூன்று வாரம். கருமாதிக்கு வந்து சேரப் போவதில்லை. பரீட்சையில் தவறினால் பட்டை போச்சு, சம்பளம் போச்சு, நாளைக்கு வரும் பென்ஷனும் அதற்குத் தக்கபடி குறையும். இதெல்லாம் சொன்னபிறகு, குரலைத் தாழ்த்தி இன்னொன்று சொன்னார்: "சேதி தெரிஞ்சா அழுவான். அங்க அவனைத் தேத்தறதுக்கு யார் இருக்கா?" அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை.

கடிதம் எழுதுவது என் வேலை. இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் தங்கள் நலத்திற்கு எழுதவும் என்றுதான் எந்தக் கடிதமும் ஆரம்பிக்கும். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தது. கை தானாக எழுதிவிடும். அந்தப் புரட்டாசியில் சிவப்பும் நீலமும் கரை போட்ட கவரை எதிரில் வைத்துக்கொண்டு முதல் வரியில் நின்றேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாது, ஆனால் நான் எழுதுகிறேனா நிற்கிறேனா என்பது தெரியும். எழுதிவிட்டேன். மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் விட்டதால் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். என்ன சாமர்த்தியம் பாருங்கள்.

அடுத்த கடிதத்தில் கேட்டுவிட்டார்: 'அப்பா ஏன் தன் கையால் ரெண்டு வரி எழுதவில்லை?' அத்தை யோசித்து, "கண்ணு சரியாத் தெரியலைன்னு எழுது" என்றார். எழுதினேன்.

இதற்கிடையே இன்னொரு சண்டை வந்தது. அக்டோபர் 20ஆம் தேதி சீனா எல்லையைத் தாண்டியது. டீக்கடை ரேடியோ முன்னால் ஊரே நின்றது. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மகன் இந்திய ராணுவத்தில், வடகிழக்கே. அக்கா எனக்கு அம்மா வயது. நாங்கள் அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். நவம்பரில் போம்டிலா விழுந்தது என்று ரேடியோவில் சொன்னபோது, அந்த ஊர் எந்தப் பக்கம் என்றுகூட அக்காவுக்குத் தெரியாது. மகனிடமிருந்து கடிதம் நின்று போயிருந்தது, அவ்வளவுதான் தெரியும். பாதுகாப்பு நிதிக்கு ஊர் ஊராக நகை சேர்த்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்தபோது அத்தை உள்ளே போய், புருஷன் போனதும் கழற்றி வைத்த மூக்குத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரெஞ்சுச் சொல்தாவின் பெண்டாட்டி, பிரெஞ்சுச் சொல்தாவின் தாய், இந்திய ராணுவத்துக்கு மூக்குத்தி கொடுத்தாள். யாருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை.

எனக்கு ஏழாம் மாதம். துக்க வீடு, வளைகாப்பு கிடையாது. அக்கா ஒரு நாள் கொல்லைப்பக்கமாக வந்தார். பேப்பரில் சுற்றிய கண்ணாடி வளையலும், ஒரு தூக்கில் புளிச்சோறும் தயிர்ச்சோறும். "தாய் வீட்டுல போட்டதா நெனச்சுக்கோ" என்று கையைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றினார். பச்சை வளையல்கள். ஒன்று உடைந்தது, அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார், தரையில் கிடந்தால் நான் மிதித்துவிடுவேன் என்று. சொந்த மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத நேரத்தில் ஒருத்தி அடுத்த வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்குப் புளிச்சோறு கிளறியிருக்கிறாள். அதற்குப் பிறகு எத்தனையோ வளைகாப்பு பார்த்துவிட்டேன். அந்தப் பச்சை வளையலுக்கு முன்னால் எதுவும் நிற்காது.

அன்றைக்குத்தான் தபால்காரரும் வந்தார். கவர் மாமா பெயருக்கு. கூடவே மாமா பெயருக்கு மணியார்டர். கொழுந்தனார் கடிதத்தைப் பிரித்துப் படித்தார். பரீட்சை தேறிவிட்டது, செர்ழான் பட்டை கையில் தைத்தாயிற்று, புதுச்சேரிப் பையன்கள் எல்லோருமாகச் சேர்ந்து கொண்டாடினோம். 'அப்பா, உங்கள் பட்டையை நான் எட்டிப் பிடித்துவிட்டேன். பணம் அனுப்பியிருக்கிறேன், நல்ல டாக்டரிடம் காட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, உங்கள் கையாலேயே எனக்கு எழுதுங்கள்.'

அத்தை அந்த மணியார்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அப்போதும் வாயில் வந்தது என்ன தெரியுமா? "புள்ளை பொறக்கட்டும். ரெண்டையும் சேர்த்துச் சொல்லிடலாம்."

நாங்கள் சேதியை மறைத்தது அக்காவுக்கு அதுவரை தெரியாது. கேட்டதும் அவர் முகம் மாறியது. சத்தம் போடவில்லை. "கெட்ட சேதியாவது வந்துடாதான்னு நான் தபால்காரனப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க வந்த சேதியக் கட்டி வெச்சிருக்கீங்களே" என்றார். தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி அத்தை விளக்கைப் பக்கத்தில் நகர்த்தி என்னை எழுதச் சொன்னார். நாள், நேரம், என்ன சாப்பிட்டார், யார் யார் வந்தார்கள், எங்கே எரித்தார்கள், எல்லாவற்றையும் அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் வரியில் நலம் போடவில்லை.

பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. ஒரே பக்கம். பதவியைப் பற்றிப் பேச்சே இல்லை. கூடவே ஒரு போட்டோ: கையில் பட்டை, சட்டைப் பொத்தானில் அவர்கள் படையின் நங்கூரம், முகத்தில் மீசை இல்லை. தனியாகவே மழித்துக்கொண்டிருக்கிறார். அப்பா செத்துப் போனது தெரியாமல் பட்டைக்கு விருந்து வைத்ததைத்தான் கடைசிவரை அவரால் தாங்க முடியவில்லை. யாருக்காவது பதவி உயர்வு என்று இனிப்பு வந்தால் தொட மாட்டார், கிழவரான பிறகும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதைப் பற்றியல்ல. தை மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் பிறந்தது. கொழுந்தனார் அன்றே தந்தி கொடுத்தார்: தாயும் சேயும் நலம். அதற்கு என் வீட்டுக்காரர் எழுதிய பதிலை நான் யாருக்கும் காட்டியதில்லை. 'நலம் என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தை உயிரோடு இருக்கிறதா? உனக்கு ஒன்றும் இல்லையே? உண்மையை எழுது, நான் தாங்கிக்கொள்வேன்.' பிறந்த குழந்தை பக்கத்தில் தூங்குகிறது, அதன் தகப்பன் சமுத்திரத்துக்கு அப்பால் அது செத்துவிட்டதாக நினைத்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு கெட்ட சேதியை மறைத்ததற்கு ஒரு நல்ல சேதியை விலையாகக் கொடுத்தோம்.

அத்தைதான் வழி கண்டுபிடித்தார். மாமாவின் மைப்புட்டியைத் திறந்து, பழந்துணியில் தோய்த்து, குழந்தையின் உள்ளங்காலில் தடவி, கடிதத் தாளில் அழுத்தினார். ஐந்து விரலும் புள்ளி புள்ளியாக விழுந்தது. கீழே நான் ஒன்றும் எழுதவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் நம்பினார்.

பிப்ரவரி நடுவில் கெடு முடிந்தது. கடைசி நாள்களில் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருத்தி. சொல்தா பெண்டாட்டி, கையெழுத்து போட்டேன். அத்தையைக் கூப்பிட்டேன். "என் புருஷன் போடல. நான் எதுக்கு?" என்றார். கொழுந்தனாரும் போடவில்லை. ஒரே சமையல், இரண்டு தேசம். மொத்த பிரெஞ்சிந்தியாவிலும் அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் ஐயாயிரம் பேருக்கும் குறைவுதான். கிராமத்தில் பாதிப்பேருக்கு எதற்கு என்றே தெரியாது. பின்னால் பிரெஞ்சு பென்ஷன் என்ன, பாரிசு என்ன, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணுக்கு வரன் வரிசையில் நிற்பது என்ன என்று பார்த்தபோது, 'எங்க தாத்தா ஒரு கையெழுத்து போட்டிருந்தா' என்று பெருமூச்சு விடாத வீடு இங்கே குறைவு. எங்கள் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். சோறு போட்ட மண்ணை விட்டுக்கொடுக்க மனம் வராதவர்களை முட்டாள் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. கையெழுத்து போட்ட நான் ஒன்றும் தேசபக்தியில் போடவில்லை, புருஷன் இருக்கிற பக்கம் போட்டேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் மகன் வந்துவிட்டான். பனியில் கால் விரல்கள் மூன்று போயிருந்தன. மெல்லிய துணிச் சட்டையும் கித்தான் செருப்புமாக இமயமலையில் நிறுத்தினார்கள் என்று சொன்னான். என் பெண்ணுக்கு முதல் கொலுசு அவன் வாங்கித் தந்ததுதான்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த வருஷம் எங்கள் வீட்டில் அதே நாடகம் மறுபடி மேடை ஏறப் பார்த்தது.

கொழுந்தனாரின் பேத்தி ராணுவ நர்சிங் சர்வீசில் அதிகாரி. அவள் புருஷனும் ராணுவ அதிகாரி. அவன் ஜம்மு பக்கம், அவள் வேறோர் ஊர் ராணுவ மருத்துவமனையில். இப்படி ஒரு ஜோடி முன்பெல்லாம் முடியாது. நர்சிங் சர்வீசில் இருக்கிற பெண் கல்யாணம் செய்துகொண்டால் வேலையிலிருந்து அனுப்பிவிடலாம் என்று 1977இல் ஒரு விதி போட்டிருந்தார்கள். 1995இல்தான் அதை எடுத்தார்கள். செலினா ஜான் என்ற லெப்டினன்ட், ஒரு ராணுவ மேஜரைக் கட்டிக்கொண்டதற்காக 1988இல் வேலையை இழந்தவர். விடாமல் வழக்காடினார். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது தவறு என்று சொல்லி 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. கல்யாணத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே முப்பத்தாறு வருஷம். பேத்தி அதை எனக்குப் போனில் படித்துக் காட்டி, "பாத்தியா ஆயா, நான் எவ்ளோ அதிர்ஷ்டக்காரி" என்றாள். அதிர்ஷ்டம் என்ன அதிர்ஷ்டம்? செலினா ஜான் மாதிரி ஒருத்தி முப்பது வருஷத்துக்கு மேல் கோர்ட்டு வாசலில் நின்றதை அதிர்ஷ்டம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும் என்றேன்.

இந்த வருஷம் அவளுக்குத் தோளில் மூன்றாவது நட்சத்திரம் ஏறி கேப்டன் ஆனாள். அதே மாதம் வயிற்றில் பிள்ளை என்பது தெரிந்தது. அடுத்த சில வாரத்தில் இங்கே அவள் அப்பா படுத்துவிட்டார். ஈரல் கெட்டுப்போய், நாள் எண்ணுகிற நிலை. கூடத்தில் எல்லோரும் கூடி உட்கார்ந்தார்கள். நான் மூலையில் கட்டிலில். ஒருத்தர் சொன்னார், இப்பதான் புது எடத்துல பொறுப்பு எடுத்திருக்கா. இன்னொருத்தர், வயித்துல புள்ளை, அதிர்ச்சி ஆவாது. இன்னொருத்தர், அங்க அவளைத் தேத்த யார் இருக்கா? கடைசி வாக்கியத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். அந்தக் குரல்கூட அப்படியே அத்தை குரல்.

சாதாரணமாகக் கிழவிகள் பேச்சு இந்த மாதிரிக் கூட்டத்தில் எடுபடாது. அன்று நான் கட்டிலிலிருந்து இறங்கி, பேரனின் போனை வாங்கி, நம்பரைப் போடச் சொன்னேன். அவள் எடுத்ததும், "உங்க அப்பாவுக்கு முடியல. பொழைக்க மாட்டாரு. இன்னும் இருக்காரு. வரமுடியுமா பாரு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு நர்ஸ் குரலில் இரண்டு கேள்வி கேட்டாள்: என்ன மருந்து ஓடுகிறது, சிறுநீர் போகிறதா. அதற்குப் பிறகுதான் மகள் குரல் வந்தது. சுற்றி இருந்தவர்கள் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

ராணுவத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், நானே சொல்வேன். ஆனால் அவள் மேலதிகாரி அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்து, பயணத்துக்குத் தகுதி என்று டாக்டரிடம் பார்க்க வைத்து அனுப்பினார். அவள் வந்தபோது அப்பாவுக்கு நினைவு இருந்தது. மூன்று நட்சத்திரத்தைத் தொட்டுப் பார்த்தார். வயிற்றின் மேல் கை வைக்கச் சொன்னாள், வைத்தார். ராத்திரிகளில் அவளே பக்கத்தில் இருந்து படுக்கை மாற்றினாள், வாய் துடைத்தாள். மருமகன் எல்லையிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, கருமாதிக்கு நின்றான். அவள் அழுதாள், நன்றாகவே அழுதாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஏழாம் மாதம் நடக்கிறது. துக்க வருஷம், வளைகாப்பு வேண்டாம் என்றார்கள். பச்சைக் கண்ணாடி வளையல் எங்கே கிடைக்கும் என்று நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்து நூற்றெண்பது நாள் பேறுகால விடுப்பு. 2023 நவம்பர் முதல் அதிகாரி என்றில்லை, படையில் இருக்கும் எல்லா நிலைப் பெண்களுக்கும் அதே அளவு விடுப்பு என்று ஆக்கியிருக்கிறார்கள், நல்ல காரியம்.

'போன் இருக்கும் காலத்தில் யார் எதை மறைக்க முடியும்?' என்று கேட்பீர்கள். முன்னைவிடச் சுலபமாக மறைக்கலாம். வீடியோவில் சிரித்த முகத்தைக் காட்டிவிட்டு, படுத்திருப்பவரின் அறைக் கதவைச் சாத்திவிட்டால் போதும். எங்கள் வீட்டில் ஒரு வாரம் அதுதான் நடந்தது.

கதிர்காமத்திலும் சுற்றுப்பக்கத்திலும் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகன் அல்லது மகளின் படை எண், பதவி, யூனிட்டின் பெயர், ராணுவத் தபாலின் ஏ.பி.ஓ. முகவரி, யூனிட் அலுவலகத்தின் தொலைபேசி எண், இந்த ஐந்தையும் இன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பீரோவில் பூட்டி வைக்க வேண்டாம். கூடத்துக் காலண்டருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், டாக்டர் எழுதித் தரும் சீட்டின் நகலோடு அந்த முகவரிக்கும் அந்த எண்ணுக்கும் அன்றைக்கே தெரிவியுங்கள். லீவு கொடுப்பதா இல்லையா என்பது அவர்கள் வேலை. வருவதா இல்லையா என்பது பிள்ளையின் முடிவு. உங்கள் வேலை சொல்வது மட்டும்தான்.